வரலாற்றுப் பட்டப்படிப்பு: கடைசி செமஸ்டரிலிருந்து பின்னோக்கி ஒரு பாடத்திட்டம்

வரலாற்றில் இளங்கலை சேர்ந்தவுடன் கையில் கொடுக்கப்படும் பாடப் பட்டியலை எல்லோரும் மேலிருந்து கீழாகத்தான் படிக்கிறார்கள். கண்ணுக்குப் பிடித்த தலைப்புகளை எடுத்துக்கொள்கிறார்கள். முதல் செமஸ்டரில் உலகப் போர்கள், அடுத்ததில் புரட்சிகள், அதற்கடுத்து நேரம் ஒத்துவருகிற ஏதோ ஒன்று. இரண்டு ஆண்டுகள் இப்படி நன்றாகவே ஓடும், மதிப்பெண்ணும் வரும். ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கொடு என்று துறை கேட்கும்போதுதான் சிக்கல் தெரியும். பத்துப் பன்னிரண்டு பாடங்கள் முடிந்திருக்கும். எந்த ஒரு காலத்தைப் பற்றியும் இரண்டு பாடம் சேர்த்துப் படித்திருக்க மாட்டார்கள். ஆசைப்படும் தலைப்பின் ஆவணங்கள் தெரியாத மொழியில் கிடக்கும். வழிகாட்டக்கூடிய ஆசிரியரின் வகுப்பில் ஒரு நாள்கூட உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

மாணவர்களின் திட்டங்களைப் பார்த்துத் திருத்திக் கொடுக்கும்போது நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்: கடைசி செமஸ்டரில் தொடங்கிப் பின்னோக்கி எழுதுங்கள்.

ஒரு பெரிய தாளைக் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டுப் படிப்பென்றால் ஆறு கட்டம், நான்காண்டென்றால் எட்டு. வலது ஓரக் கட்டத்தில் ஆய்வேடு. அதற்கு இடப்பக்கம், அந்த ஆய்வேட்டுக்கு விதை போடக்கூடிய மேல்நிலை செமினார், அதாவது சிறு குழு விவாத வகுப்பு. அதற்கும் முன்னால் வரலாற்று வரைவியல் (வரலாற்றை யார், எப்படி எழுதினார்கள் என்று பார்க்கும் பாடம்), அதற்கு முன்னால் ஆய்வு முறைப் பாடம். இடது ஓரத்தில் அறிமுகப் பாடங்கள். மொழியை மட்டும் ஒரு கட்டத்தில் அடைக்காமல், முதல் கட்டத்திலிருந்து கடைசிக்கு முந்தைய கட்டம் வரை நீளும் ஒரு கோடாகப் போடுங்கள். கட்டாயப் பாடங்களை அடுத்து எழுதுங்கள். இத்தனையும் போக மிச்சம் நிற்கும் காலியிடங்கள்தான் உங்கள் விருப்பத்துக்கு. அவை எவ்வளவு குறைவு என்று பார்த்தாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

முதல் ஆண்டில் ஆய்வேட்டுத் தலைப்பு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தெரிய வேண்டியதில்லை. ஒரு நிலப்பகுதி, ஒரு நூற்றாண்டு, இந்த இரண்டும் தோராயமாக இருந்தால் போதும். பிறகு மனம் மாறினாலும் கவலையில்லை. எந்தெந்தக் கட்டம் அடிபடுகிறது, எதெல்லாம் அப்படியே நிற்கிறது என்பதைத் தாளே காட்டிவிடும்.

மொழியே தலைப்பைத் தீர்மானிக்கும்

தரங்கம்பாடியை எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கினர் அங்கே 1620இல் கால் வைத்து 1845 வரை இருந்தார்கள். அந்த ஊரின் 18ஆம் நூற்றாண்டைப் பற்றி எழுத ஒரு மாணவர் ஆசைப்படுகிறார் என்று வையுங்கள். நிர்வாகப் பதிவுகள் டேனிஷ் மொழியில், கோபன்ஹேகனில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்த மதப்பணியாளர்களும் எழுதிய ஜெர்மன் கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் இருக்கின்றன. அகராதியை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லப் படித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அவை அச்சில் இல்லை, கையெழுத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்து ஜெர்மன் கையெழுத்தில் 'இ' (e) என்ற எழுத்தும் 'என்' (n) என்ற எழுத்தும் இரண்டிரண்டு சாய்ந்த கோடுகளாக, ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். 'யு'வும் (u) அதே இரண்டு கோடுதான். தலையில் ஒரு சின்ன வளைகோடு போட்டு 'என்'னிலிருந்து பிரித்துக் காட்டியிருப்பார்கள். எழுதியவர் அவசரத்தில் அந்த வளைகோட்டை விட்டிருந்தால் சொல்லை ஊகிக்க மொழியே நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அச்சில் ஜெர்மன் சரளமாகப் படிப்பவருக்கும் தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

தமிழும் ஆங்கிலமும் மட்டுமே தெரிந்த மாணவர் அதே கடற்கரையில், அதே நூற்றாண்டில் வேறு வழியாக நுழையலாம். புதுச்சேரி ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை தமிழில் ஓடுகிறது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904க்கும் 1928க்கும் இடையில் 12 தொகுதிகளாக அச்சில் வந்திருக்கிறது. பிள்ளை சொல்வதைப் பிரெஞ்சு நிர்வாகப் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும் என்றால் பிரெஞ்சு வேண்டும். ஆனால் அது இல்லாமலே இளங்கலை அளவில் நல்ல கேள்வி ஒன்றை எழுப்பி விடை காண முடியும். தலைப்பைத் தேடும்போதே ஆவணத்தின் மொழியையும் தேட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறோம். ஹைட்டிப் புரட்சி என்றால் பிரெஞ்சு. மாலியின் மன்சா மூசா 1324இல் போன மக்கா யாத்திரை என்றால் அரபி. துருக்கியில் லத்தீன் எழுத்து வந்ததே 1928இல்தான். அதற்கு முந்தையது அனைத்தும் அரபி எழுத்தில் எழுதிய பழைய துருக்கி. இன்றைய துருக்கி மொழியை மட்டும் கற்றவரால் அவற்றில் ஒரு வரியும் படிக்க முடியாது.

எவ்வளவு நேரம் பிடிக்கும்? அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்றவற்றுக்கு 600 முதல் 750 வகுப்பு மணி. ரஷ்யன், துருக்கி, தமிழ் போன்றவற்றுக்கு சுமார் 1,100. அரபி, சீனம், ஜப்பானியம் என்றால் சுமார் 2,200. இது பேச்சும் வாசிப்பும் சேர்ந்த தொழில்முறைத் தேர்ச்சிக்கான கணக்கு. வாசிப்பு மட்டும் போதும் என்றால் கணிசமாகக் குறையும். உங்கள் தாய்மொழியைப் பொறுத்தும் மாறும். இப்போது உங்கள் பக்கம் பாருங்கள்: வாரம் நான்கு மணி வகுப்பு, 15 வாரம் என்றால் ஒரு செமஸ்டருக்கு 60 மணி. ஆறு செமஸ்டரும் விடாமல் எடுத்தால் 360. வீட்டில் அதே அளவு உழைத்தால் 720. பிரெஞ்சு ஆவணம் படிக்கும் நிலைக்கு இது கொண்டுவந்துவிடும். அரபிக்கு இது போதாது. ஏற்கெனவே ஓரளவு தெரிந்தவர்களும், விடுமுறைக்கால முழுநேர வகுப்புகளுக்குத் தயாராக இருப்பவர்களும் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

மொழியில் வழக்கமாக இரண்டு தவறுகள் நடக்கும். பல இடங்களில் ஆரம்ப நிலை மொழி வகுப்பு ஆண்டுக்கு ஒருமுறைதான் தொடங்கும். முதல் செமஸ்டரில் 'அடுத்த முறை சேரலாம்' என்று விட்டால் போவது ஒரு முழு ஆண்டு. இரண்டாவது, நடுவில் ஒரு செமஸ்டர் இடைவெளி விடுவது. இரண்டு செமஸ்டர் படித்து, ஒன்று விட்டு, மீண்டும் உட்கார்ந்தால் பழைய பாடத்தை எடுத்துப் புரட்டவே முதல் ஒன்றரை மாதம் போய்விடும். வகுப்பு இல்லாத காலத்தில் தினம் அரைப் பக்கமாவது அந்த மொழியில் படிக்க வேண்டும். இந்த விஷயத்தில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை: வேறு எந்தப் பாடத்தைத் தள்ளிப்போட்டாலும் மொழியைத் தள்ளிப்போடக் கூடாது.

கிரெடிட்டை மணியாக மாற்றிப் பாருங்கள்

கிரெடிட் என்ற ஒரே சொல்லுக்கு இடத்துக்கு இடம் எடை வேறு. ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வாசிப்பு, எழுத்து எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி உழைப்பு. ஆண்டுக்கு 60, இளங்கலைக்கு 180 அல்லது 240. பிரிட்டனில் ஒரு கிரெடிட் 10 மணி. மூன்றாண்டு ஹானர்ஸ் பட்டத்துக்கு 360. அமெரிக்காவில் வழக்கமாக 120. ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி வகுப்பும் வெளியே குறைந்தது இரண்டு மணி உழைப்பும். இந்தியாவின் புதிய சட்டகத்தில் ஒரு செமஸ்டரில் 15 மணி வகுப்புக்கு ஒரு கிரெடிட். மூன்றாண்டுக்கு 120, நான்காண்டுக்கு 160. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உங்கள் பட்டியலில் உள்ள எண் வகுப்பை மட்டும் குறிக்கிறதா, மொத்த உழைப்பையும் குறிக்கிறதா என்று தெரிந்துகொண்டால் போதும். வகுப்பை மட்டும் குறித்தால் வாரத்துக்கு 16 மணி என்று தெரிவது உண்மையில் 40ஐத் தொடும்.

வரலாற்றுப் பாடத்தின் எடையை உண்மையாகக் காட்டுவது வாசிப்புப் பக்கம். முதல் வாரத்திலேயே ஒரு சோதனை செய்யுங்கள். 30 பக்க ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, குறிப்பெடுத்தபடி படியுங்கள். தொடக்கத்தில் மணிக்கு 15 பக்கம் வருவதே இயல்பு. பழகப் பழக 25, 30 ஆகும். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் அதனால் வகுத்துப் பாருங்கள்.

ஒரு கணக்கு: ஒரு செமினாருக்கு வாரம் 200 பக்கம், இரண்டு விரிவுரைப் பாடங்களுக்குத் தலா 80, கூட ஒரு மொழி. மொத்தம் 360 பக்கம். மணிக்கு 25 என்றால் பதினாலரை மணி. வகுப்பு நேரம் 13, மொழிக்கு வீட்டில் ஆறேழு. 35 மணியை நெருங்கிவிட்டது, இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. இது தாங்கக்கூடிய செமஸ்டர். ஒரு விரிவுரைப் பாடத்தின் இடத்தில் இரண்டாவது செமினாரை வைத்தால் வாசிப்பு 480 பக்கம் ஆகிறது. வாரத்துக்கு ஐந்து மணி கூடுதல். அதைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால் செமினார்களின் இறுதிக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வாரத்தில்தான் கேட்கப்படும். தலா 6,000 சொல் என்றால் பத்து நாளில் 12,000 சொல். அப்போது எழுதப்படும் கட்டுரையில் சான்றுகள் குறைந்து, படித்த நூல்களின் சுருக்கம்தான் மிஞ்சும். இரண்டு செமினாரைத் தவிர்க்க முடியாவிட்டால், பதிவு செய்வதற்கு முன்பே இரு ஆசிரியர்களிடமும் சமர்ப்பிக்கும் தேதியைக் கேளுங்கள். ஒருவர் ஒரு வாரம் முன்னதாக வாங்கிக்கொள்ளச் சம்மதித்தாலே போதும். எந்த ஆசிரியரும் சீக்கிரம் கொடுக்கிறேன் என்பவரை மறுப்பதில்லை.

ஆய்வு முறை, பிறகு வரைவியல், பிறகு செமினார்

இந்த வரிசை குலைவதுதான் அடிக்கடி நாங்கள் திருத்தும் இடம். ஆய்வு முறைப் பாடம் வறட்டுப் பாடம் என்று பெயர் வாங்கியிருப்பதால் கடைசி ஆண்டுக்குத் தள்ளுகிறார்கள். அதற்குள் நான்கைந்து கட்டுரைகளைக் கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதி முடித்திருப்பார்கள்.

தேதி என்ற ஒன்றே ஒன்றைப் பாருங்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்ட நாள் 1649 ஜனவரி 30 என்று எல்லாப் பாடநூலும் சொல்லும். அன்றைய ஆங்கில ஆவணத்தை எடுத்தால் 1648 ஜனவரி 30 என்றிருக்கும். இரண்டும் ஒரே நாள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் முக்கால்வாசி எல்லாம் பழைய ஆண்டின் வால்பகுதி. இது தெரியாத மாணவர் '1648 நவம்பர்', '1648 ஜனவரி' என்று தேதியிட்ட இரண்டு கடிதங்களைக் கையில் வைத்திருந்தால் ஜனவரியை முன்னால் வைப்பார். உண்மையில் நவம்பர்தான் முந்தியது. காரணம் பின்னும் விளைவு முன்னுமாக, கட்டுரை முழுவதும் தலைகீழாகிவிடும். 1752இல்தான் பிரிட்டன் இதைச் சரிசெய்தது: ஆண்டு ஜனவரி 1இல் தொடங்கியது, பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டு இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியதால் அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது. ரஷ்யா இந்த நாட்காட்டிக்கு 1918இல்தான் மாறியது. அக்டோபர் புரட்சியை நாம் நவம்பர் 7 என்று சொல்வது அதனால்தான். இப்படிப் பல கண்ணிகள் உண்டு: மூலம் எது, நகல் எது, யாருக்காக எழுதப்பட்டது, எவ்வளவு காலம் கழித்து எழுதப்பட்டது. இவற்றையெல்லாம் முதல் ஆண்டின் இரண்டாம் பாதியில் கற்றால் அடுத்த எட்டுப் பத்துப் பாடங்களிலும் பயன்படும். கடைசி ஆண்டில் கற்றால் ஒரு பாடத்துக்குத்தான் பயன்.

வரலாற்று வரைவியலுக்கு இரண்டாம் ஆண்டு சரியான இடம். முதல் ஆண்டில் எடுத்தால் பெயர்ப்பட்டியலாகத்தான் மனதில் நிற்கும்: ராங்கே, மார்க் பிளாக், லூசியன் ஃபெவ்ர், 1929இல் தொடங்கிய அன்னால்ஸ் இதழ் என்று. கொஞ்சம் வரலாறு படித்த பிறகு எடுத்தால், முந்தைய செமஸ்டரில் படித்த நூல் ஏன் மன்னர்களை விட்டுவிட்டுத் தானிய விலையையும் மழையையும் எண்ணிக்கொண்டிருந்தது என்று அப்போது விளங்கும். அந்த விளக்கத்தோடு செமினாருக்குள் போகிறவர் பேசுவதே வேறு மாதிரி இருக்கும்.

செமினார் என்பது பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து ஒரே கேள்வியைச் செமஸ்டர் முழுக்கப் பிரித்துப் பார்க்கும் வகுப்பு. அதைத் தேர்ந்தெடுக்கும்போது தலைப்பை மட்டும் பார்க்காதீர்கள். இறுதிக் கட்டுரை முதன்மைச் சான்றுகளை வைத்து எழுத வேண்டியதா, நூல்களை விமர்சிக்க வேண்டியதா என்று பாருங்கள். ஆய்வேட்டுக்கு விதையாவது முதல் வகைதான். ஒரு எச்சரிக்கை: செமினார் கட்டுரையின் பத்திகளை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டினால், சொந்த எழுத்தே ஆனாலும், பல பல்கலைக்கழகங்களில் அது குற்றம். எவ்வளவு எடுத்தாளலாம் என்று எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டாயப் பாடங்களைச் சுமையாக்காதிருக்க

பெரும்பாலான துறைகளில் பரப்பு விதி ஒன்று இருக்கும். நவீன காலத்துக்கு முந்தைய பாடம் இத்தனை, வேறு கண்டத்தின் வரலாறு இத்தனை, துறைக்கு வெளியே இத்தனை என்று. இதைத் தண்டனைபோல நினைத்து, எது எளிது என்று பார்த்து முடித்துவிடுகிறார்கள். நல்ல வாய்ப்பைத் தெருவில் விடுவதுபோல இது. அதே தரங்கம்பாடி மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். 1500க்கு முந்தைய பாடமாக இந்தியப் பெருங்கடல் வணிகம். வேறு கண்டத்துக்கு, 1517இல் லூதர் கிளப்பிய சமயச் சீர்திருத்தமும் அதன் பின்விளைவுகளும். சீகன்பால்க் எந்த மனநிலையோடு கப்பல் ஏறினார் என்பது அங்கேதான் புரியும். துறைக்கு வெளியே சமயவியலோ மானுடவியலோ. மூன்று கட்டாயமும் தீர்ந்தது, மூன்றும் ஆய்வேட்டுக்குள்ளும் வந்து சேர்ந்தன.

வெளித்துறைப் பாடங்களில் ஒன்றைப் புள்ளியியலுக்கு ஒதுக்கச் சொல்வது எங்கள் வழக்கம். விலை, கூலி, மக்கள்தொகை, வரி என்று எண்கள் இல்லாத வரலாற்றுக் கேள்வி குறைவு. சராசரிக்கும் இடைநிலை மதிப்புக்கும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) வேறுபாடு தெரியாமல் ஒரு கூலிப் பட்டியலை விளக்க முடியாது: பட்டியலில் இரண்டு கண்காணிகள் இருந்தால் போதும், சராசரிக் கூலி எகிறிவிடும்.

ஒரே பாடத்தை இரண்டு விதிகளுக்குக் கணக்கு வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் பதிலை மின்னஞ்சலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழி உறுதியை நம்பியிருந்து, பட்டம் வாங்கும் நேரத்தில் ஒரு பாடம் குறைகிறது என்று தெரிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. இன்னொரு செமஸ்டர் உட்கார வேண்டியதுதான்.

பாடப் பட்டியலில் இருப்பதெல்லாம் நடக்காது, இதையும் கவனத்தில் கொள்ளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளின் உண்மையான கால அட்டவணைகளைத் தேடி எடுத்து, நீங்கள் நம்பியிருக்கும் பாடம் எத்தனை முறை நடந்தது என்று எண்ணுங்கள். ஒன்றுவிட்ட ஆண்டு நடப்பவை உண்டு. மூன்று ஆண்டில் ஒருமுறைகூட நடக்காதவையும் உண்டு. ஆசிரியர் ஆய்வு விடுப்பில் போனால் அவருடைய செமினாரும் போய்விடும். அதனால் தாளில் ஒவ்வொரு முக்கியக் கட்டத்துக்கும் கீழே ஒரு மாற்றுப் பாடத்தைப் பென்சிலில் எழுதுங்கள்.

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கும் எண்ணம் இருந்தால் கடைசிக்கு முந்தைய ஆண்டின் முதல் பாதியில் வைக்கலாம். கடைசி ஆண்டில் போனால் ஆய்வேட்டு வழிகாட்டியைப் பார்க்க முடியாது; சீக்கிரம் போனால் அங்குள்ள மேல்நிலை வகுப்பில் இடம் கிடைக்காது. அங்கே படிக்கும் ஒவ்வொரு பாடமும் இங்கே எதற்குச் சமம் என்பது கிளம்புவதற்கு முன்பே கையெழுத்தாகியிருக்க வேண்டும்.

ஆய்வேட்டுக்கு முன் நான்கு கேள்விகள்

வழிகாட்டியைத் தேடும் வேலை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். ஒருவரிடம் இரண்டு பாடமாவது படித்திருந்தால்தான் அவருக்கு உங்கள் எழுத்து தெரியும், பின்னாளில் முதுகலைக்குப் பரிந்துரைக் கடிதமும் எழுத முடியும். 'உங்கள் வழிகாட்டலில் ஏதாவது செய்ய விரும்புகிறேன் ஐயா' என்று வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள். ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: கேள்வி மூன்று வரியில், அதைப் பற்றி ஏற்கெனவே வந்துள்ள ஐந்து ஆய்வுகள், நீங்கள் படிக்கப்போகும் ஆவணத் தொகுப்பின் பெயர், அது எங்கே இருக்கிறது. இந்தக் கடைசி வரி இருந்தால் பேச்சு வேறு தளத்துக்குப் போய்விடும்.

ஆவணத்தைப் பற்றி நான்கு கேள்வி கேளுங்கள். இருக்கிறதா, திறந்திருக்கிறதா, படிக்க முடியுமா, போதுமா? முதல் கேள்வி அசட்டுத்தனமாகத் தோன்றும். ஆனால் இங்கிலாந்து, வேல்ஸின் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் 1942 டிசம்பரில் தீயில் அழிந்துவிட்டன. போரினால் 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. பொருளாதார மந்தக் காலத்தில் ஒரு தெருவின் குடும்பங்களை வீடு வீடாகப் பின்தொடரலாம் என்று திட்டமிடுபவருக்கு 1921க்கும் 1951க்கும் நடுவில் கணக்கெடுப்புப் படிவம் ஒன்றும் கிடையாது. போர் தொடங்கியபோது 1939இல் எடுத்த பதிவேடு மட்டும் இருக்கிறது. அச்சான மொத்தப் புள்ளிவிவரம் வேறு, வீட்டுவாரிப் படிவம் வேறு. இரண்டாவது கேள்விக்கும் அதே நாடு உதாரணம்: அங்கே கணக்கெடுப்புப் படிவங்கள் 100 ஆண்டு மூடியிருக்கும். அமெரிக்காவில் 72 ஆண்டு. 1950க்கான படிவங்கள் 2022 ஏப்ரலில்தான் திறந்தன.

போதுமா என்ற கேள்வி இரண்டு பக்கமும் வெட்டும். லண்டனின் ஓல்டு பெய்லி குற்ற நீதிமன்ற நடவடிக்கைகள் 1674 முதல் 1913 வரை இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. 1,97,000க்கும் மேற்பட்ட வழக்குகள். அச்செழுத்து, ஆங்கிலம், தேடல் வசதி என மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். ஆனால் அளவைச் சுருக்கத் தெரியாதவர் இதில் மூழ்கிப்போவார். ஒரு குற்ற வகை, ஒரு பத்தாண்டு, நாற்பது ஐம்பது வழக்கு என்று வரம்பு போட்டுவிட்டு, முதலில் பத்து வழக்கை முழுதாகப் படித்துப் பாருங்கள். தேடுசொல்லை மட்டும் நம்பினால் அந்தச் சொல் வந்த வரிதான் கிடைக்கும். அதே பொருளை அந்தக் காலத்தவர் வேறு சொல்லால் குறித்த இடமெல்லாம் தப்பிவிடும். பத்து வழக்கைப் படித்து முடிக்கும்போது அவர்களுடைய சொற்பட்டியல் ஒன்று உங்கள் கையில் இருக்கும். பிறகு தேடுங்கள்.

10,000 முதல் 12,000 சொல் உள்ள ஆய்வேட்டுக்கு முப்பது வாரம் கிடைக்கிறது என்று கொண்டால், முதல் நான்கு வாரம் ஆவணப் பட்டியலுக்கும் கேள்வியை இறுக்குவதற்கும். அடுத்த எட்டு வாரம் ஆவண வாசிப்பு. பதின்மூன்றாம் வாரம் எழுத உட்கார்ந்துவிட வேண்டும், வாசிப்பு முடியாவிட்டாலும். முன்னுரையிலிருந்து தொடங்க வேண்டாம். சான்று எங்கே கெட்டியாக இருக்கிறதோ அந்த நடு இயலிலிருந்து தொடங்குங்கள். எழுதும்போதுதான் எது குறைகிறது என்று தெரியும். அதைத் தேடிப் போக இன்னும் நாள் மிச்சமிருக்கும். இருபத்து நான்காம் வாரத்தில் முழு வரைவு வழிகாட்டியின் மேசையில் இருந்தால் அவர் படிக்க மூன்று வாரம், நீங்கள் திருத்த மூன்று வாரம்.

ஆவணக்காப்பகத்தில் செல்பேசியில் படம் எடுக்க அனுமதித்தால், ஒவ்வொரு பெட்டியையும் திறந்தவுடன் முதல் படம் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு, இரண்டாவது படம் கோப்பின் அட்டை, மூன்றாவதிலிருந்துதான் ஆவணம். தாளின் ஓரத்தில் உள்ள ஏட்டு எண் படத்துக்குள் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே காப்பகம், தொகுதி, பெட்டி, ஏடு என்ற வரிசையில் கோப்புக்குப் பெயர் மாற்றுங்கள். 800 படம் எடுத்துவிட்டு எது எந்தப் பெட்டி என்று தெரியாமல் நிற்பவரின் அடிக்குறிப்புகளை யாராலும் காப்பாற்ற முடியாது. நூல்களையும் கட்டுரைகளையும் முதல் ஆண்டிலிருந்தே ஸொடெரோவில் சேர்த்து வாருங்கள்; ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையத்தில் 2006இல் உருவான இலவச மென்பொருள் அது, வரலாற்றாசிரியர்கள் தங்கள் தேவைக்கென்று செய்தது. ஆனால் இணையத்திலிருந்து அது தானாக எடுக்கும் விவரங்களில் பதிப்பாண்டு பிழையாக இருப்பது சகஜம். மறுபதிப்பின் ஆண்டை முதல் பதிப்பின் ஆண்டாக எடுத்துவிடும். நூலின் உள்பக்கத்தைத் திறந்து ஒப்பிட்ட பிறகே சேமியுங்கள். சமர்ப்பிப்பதற்கு முந்தைய பத்து நாளில் புதிதாக ஒரு வரியும் எழுதாமல், ஒவ்வொரு அடிக்குறிப்பையும் அதன் படத்தோடு அல்லது பக்கத்தோடு வைத்து ஒப்பிட்டு, சரியாக இருப்பதற்கு நேரே பென்சிலால் ஒரு குறி போட்டுக்கொண்டே வாருங்கள். 150 அடிக்குறிப்பு என்றால் நாளைக்குப் பதினைந்து.